மண்டபச் சாப்பாடு பகிரும் ஆப்: மூன்று வருடத்துக்குப் பிறகு

ஆப்பின் சந்தா பாதியாகக் குறைந்திருக்கிறதே, கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சாப்பாட்டை ஆதரவற்றோர் இல்லங்களுக்குப் பிரித்துக் கொடுக்க இது சரிவருமா என்று புதிதாகக் குழு ஆரம்பிக்கும் நண்பர் கேட்டார். சென்னையில் மூன்று வருடம் ஓட்டிய அனுபவம் இது.

முதலில் எரிச்சல். மண்டபத்தார் பதிய ஒரே கட்டம்தான்: "எத்தனை பேருக்கு?" நூறு என்று போடுவார்கள். போய்ப் பார்த்தால் அண்டா நிறைய வெறும் சோறு, குழம்பு ஒரு வாளி. கடைசிப் பந்தியில் கூட்டும் பொரியலும் முதலில் தீரும், சோறுதான் நிற்கும். ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை, மூன்று கிலோ சோறு. எட்டுப் பேர் அதைச் சாப்பிட ஒன்றரை லிட்டர் குழம்பாவது வேண்டும். இந்தக் கணக்கு ஆப்பில் இல்லவே இல்லை. குறிப்புப் பகுதியில் "சோறு அண்டா முக்கால், சாம்பார் 2 வாளி, இறக்கியது 11.30" என்று எழுதச் சொல்லி மண்டபத்தாரைப் பழக்குங்கள். பந்திக்குப் போய்வந்த வாளியை எடுக்காதீர்கள்.

என்றைக்கு மிஞ்சும் என்று ஆப் சொல்லும் கணிப்பு அருமை. வேலைநாள் முகூர்த்தம் என்றால் பாதிப் பேர் முந்தின நாள் ரிசப்ஷனிலேயே தலைகாட்டிவிடுவார்கள், மறுநாள் மதியம் மிஞ்சும். அதை ஆப் சரியாகப் பிடிக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் வண்டியை வீணாக நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

பங்கீட்டில் "அருகில் உள்ள இல்லம்" என்றுதான் வரும். அப்படியே விட்டால் வடபழனி மண்டபங்களைச் சுற்றியுள்ள இல்லங்களுக்கே திரும்பத் திரும்பப் போகும், புறநகருக்கு ஒன்றும் கிடைக்காது. "கடைசியாகக் கொடுத்த தேதி" என்று மாற்றிவிட்டு, பயணத்துக்கு 45 நிமிடம் என்று எல்லை வையுங்கள். சூடான சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. தெர்மாமீட்டரை ஓரத்தில் வைக்காமல் அண்டாவின் நடுவில் குத்திப் பாருங்கள். தேங்காய் அரைத்த கூட்டை வாங்கியதும் முகர்ந்து பாருங்கள், அதுதான் முதலில் ஊசும். இரவு 10.30க்கு மிஞ்சும் ரிசப்ஷன் சாப்பாட்டை, பிள்ளைகள் தூங்கிவிட்ட இல்லங்களுக்கு ஒதுக்காமல் இரவுக் காப்பகங்களுக்கு அனுப்புங்கள்.

இவ்வளவு சொல்லியும் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. நாற்பது பேருக்கு வருகிறது என்று ஆப் சொன்னதை நம்பி ஓர் இல்லத்தில் உலை வைக்காமல் இருப்பார்கள். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்த பிறகு வெறும் சோறு வந்து இறங்கினால் அது சின்னக் குறையா? சோற்றுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று என்று கட்டத்தைப் பிரித்துத் தரும்வரை பாதி விலைக்கும் வேண்டாம்.