எச்டூஎஸ் சோதனைப் போத்தல்: கிணற்றுக்குச் சரி, குளத்து நீச்சலுக்கு?

கிணற்று நீரில் மலக்கிருமி உண்டா என்று பார்க்க இந்த எச்டூஎஸ் (ஐதரசன் சல்பைட்டு வாயு) போத்தலை வாங்கலாம். கோடு வரை நிரப்பி, இறுக மூடி, நிழலில் 24 முதல் 48 மணிநேரம் வையுங்கள். மலக்கிருமி இருந்தால் உள்ளே கிடக்கும் கடதாசித் துண்டு கறுத்து, நீரும் கறுப்பாகும்.

ஆனால் வட இலங்கையின் இரணைமடு, வவுனிக்குளம் போன்ற குளங்களில் நீச்சற்போட்டி வைக்க இதை நம்பவேண்டாம். குளத்துச் சேற்றுக் கிருமியே அதைக் கறுக்கச் செய்யும், எண்ணிக்கையும் தெரியாது. உலக ட்ரையத்லன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த) போட்டிகளில் பார்ப்பது எண்ணிக்கையைத்தான்: 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி என்ற மலக்கிருமி 1000இற்கு மேல் போகக்கூடாது. 2024இல் மழைக்குப் பின் சென் நதி அழுக்கானதால் பாரிஸில் ஆண்கள் போட்டியே ஒருநாள் தள்ளிப்போனது. எண்ணிக்கையை அறிய, முழங்கை ஆழத்தில் நீரெடுத்து, ஐஸ்பெட்டியில் 6 மணிநேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுங்கள்.

எலிக்காய்ச்சல் கிருமியைப் போத்தலும் காட்டாது, ஆய்வுகூடத்து ஈ.கோலிச் சோதனையும் காட்டாது. 1998இல் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் ஏரியில் நீந்தியவர்களைப் பிடித்தது அந்தக் காய்ச்சல்தான். மாரி வெள்ளம் குளத்துக்குள் வரும் நாட்களில் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம். காலில் காயமென்றால் எப்போதுமே வேண்டாம்.