பழைய கார் வைத்திருப்பவர்களே, எஞ்சின் ஹெட்டைக் கழற்றணும் என்றால் உடனே சரி சொல்லாதீர்கள்

அப்பா 1986இல் வாங்கிய பிரீமியர் பத்மினி எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது. அந்தக் காரை வைத்து என்னிடம் 31,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். பணம் போனதைவிட, செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லி அனுப்பியதுதான் ஆறவில்லை. பத்மினியோ அம்பாசிடரோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

ஆரம்பத்தில் சின்னத் தொல்லைதான். சிக்னலில் ஐட்லிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது) நிலைக்கவில்லை. வண்டி குலுங்கும், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருக்கணும். டெம்பரேச்சர் முள்ளும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே நின்றது. புறநகரில் பழைய வண்டிகளுக்கென்றே இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். டியூனிங் என்று சொல்லி 2,500 வாங்கினார்கள். வண்டி அணையாமல் நின்றது. சரியாகிவிட்டது என்று நம்பினேன். ஐட்லிங் ஸ்குரூவை ஏற்றிவிட்டு, ஸ்பார்க் வரும் நேரத்தை முடிவு செய்யும் டிஸ்ட்ரிபியூட்டரையும் இஷ்டத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரியாது.

இரண்டு வாரம் கழித்து, தங்கை வீட்டு விசேஷத்துக்கு அம்மாவோடு காஞ்சிபுரம் கிளம்பினேன். பூந்தமல்லி தாண்டியதும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. எழுபது வயது அம்மா ரோட்டோரம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பவும் அதே ஒர்க்‌ஷாப். "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார், ஹெட்டை இறக்கி ஃபேஸிங் போடணும்" என்றார் ஓனர். ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி, கேஸ்கட் என்பது அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் தகடு, ஃபேஸிங் என்றால் வளைந்த ஹெட்டைச் சமமாக்குவது. பத்மினிக்கு அலுமினிய ஹெட், ரொம்பச் சூடானால் வளையும் என்பது உண்மை. அதனால் மறுபேச்சு பேசவில்லை. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) பார்த்தீர்களா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. 29,000 ரூபாய். பில் என்று ஒரு துண்டுச்சீட்டு. கூடவே கருகிப்போன ஒரு கேஸ்கட்டையும் கையில் கொடுத்து, "இதான் சார் உங்க வண்டியில இருந்தது" என்றார்.

மூன்றாம் நாள் மறுபடி அதே குலுக்கல், அதே சூடு.

அப்புறம்தான் புதுப்பேட்டையில் ஒரு மேஸ்திரியிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. சூடான எஞ்சினை ஓடவிட்டு, காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தார். குலுக்கல் அடங்கியது. "ஏர் எடுக்குது தம்பி" என்றார். அதாவது, எங்கோ இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலக்கி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டர் உட்காரும் இடத்தைச் சுற்றி மெல்லப் பீச்சினார். பின்பக்க மூலையில் நுரை சட்டென்று உள்ளே இழுபட்டது, எஞ்சின் சத்தமும் மாறியது. கழற்றிப் பார்த்தால் அதற்கு அடியில் வைக்கும் பேக்கிங் அந்த மூலையில் பிளந்திருக்கிறது. யாரோ நட்டை அளவுக்கு மேல் முறுக்கியதில் கார்பரேட்டரின் அடித்தட்டும் வளைந்திருக்கிறது. ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடித்தார், நடுவில் இடைவெளி நன்றாகத் தெரிந்தது. கண்ணாடித் தட்டில் எமரி பேப்பரை விரித்து, அரை மணி நேரம் தேய்த்துச் சமமாக்கினார்.

அடுத்து, ஸ்பார்க் வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட். ஸ்பார்க் ரொம்பத் தாமதமாக வந்துகொண்டிருந்தது. அப்படி வந்தால் பெட்ரோல் எரிந்து முடியும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும், வண்டியை இழுக்க வேண்டிய சூடு ஹெட்டுக்கும் ரேடியேட்டர் தண்ணீருக்கும் போய்விடும். அதாவது, காஞ்சிபுரம் ரோட்டில் வண்டி கொதித்ததற்கு அவர்கள் செய்த அந்த டியூனிங்தான் முக்கியக் காரணம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால், கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் பழைய அளவுக்குக் கலவை ஏற்கனவே கொஞ்சம் லீனாகத்தான் (காற்று அதிகமாக) இருக்கும், அதோடு வெளிக்காற்றும் சேர்ந்தால் ஐட்லிங் நிலைக்காது என்றும் விளக்கினார். பெட்ரோல் பம்ப் டயஃப்ரத்தையும் பார்த்து வைக்கச் சொன்னார். மொத்தக் கூலி, பேக்கிங் சேர்த்து 1,400.

கிளம்பும்போது கேட்டார்: "ஹெட்டை யார் இறக்குனது?" சொன்னேன். டார்ச்சை அடித்துக் காட்டினார். ஹெட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளைச் சுற்றிப் பல வருட எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் அப்படியே படிந்திருந்தன. ஒரு நட்டிலும் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. டிக்கியில் இருந்த கேஸ்கட்டை எடுத்துவந்தேன். பார்த்ததுமே "இது அம்பாசிடருது" என்றார். பத்மினியின் 1089 சிசி எஞ்சினுக்குப் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68 மில்லிமீட்டர். பழைய 1489 சிசி அம்பாசிடருக்கு 73. கேஸ்கட் ஓட்டை போரைவிடச் சற்றுத்தான் பெரிதாக இருக்கும். நான் அளந்தபோது 75 இருந்தது.

ஹெட் கேஸ்கட் போயிடுச்சு என்று யார் சொன்னாலும், நான்கு சிலிண்டருக்கும் உங்கள் கண் முன்னால் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால் சந்தேகப்படலாம். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் நிற்காமல் குமிழி வருகிறதா, ஆயில் மூடியின் உட்புறம் வெள்ளையாகக் கிரீம் மாதிரி படிந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் தொடவே கூடாது, முகம் வெந்துவிடும். ஏர் எடுக்கும் இடத்தைத் தேடப் பெட்ரோலைப் பீச்சுபவர்களும் உண்டு. தீப்பிடிக்கும், விடாதீர்கள். ஹெட்டை இறக்கத்தான் வேண்டும் என்றால், இறக்கிய அன்றே நேரில் போய்ப் பாருங்கள். போக முடியாவிட்டால், நட்டுக்கும் ஹெட்டுக்கும் சேர்த்துப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு வண்டியை விடுங்கள், நட்டைத் திருப்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

ஓனரிடம் போய்க் கேட்டேன். "பசங்க கேஸ்கட்டை மாத்திக் குடுத்திருப்பாங்க" என்றார். நட்டுகளின் போட்டோவைக் காட்டியதும் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போனார், பணம் வரவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கான மனு தயாராகிறது. துண்டுச்சீட்டு, மேஸ்திரி எழுதிக் கொடுத்த தாள், போட்டோக்கள், அந்த அம்பாசிடர் கேஸ்கட், எல்லாம் ஒரே கவரில் பீரோவில் இருக்கின்றன.