10 ஆண்டு உத்தரவாதம் என்று சொல்லும் வாட்டர்புரூஃபிங் ஆட்களிடம் கவனம்

தாம்பரத்தை அடுத்த எங்கள் வீட்டு மொட்டைமாடி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்த பழைய தளம். விளம்பரம் பார்த்து அழைத்த ஓர் ஒப்பந்ததாரர், சென்ற செப்டம்பரில் அதன் மீது வெள்ளைப் பூச்சு அடித்து, 10 ஆண்டு உத்தரவாத அட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். வடகிழக்குப் பருவமழையின் முதல் கனமழைக்கே கூடத்துக் கூரையில் ஓதம் படர்ந்தது. வெயிலடித்த நாட்களிலும் மின்விசிறிக் கொக்கியைச் சுற்றிச் சொட்டுவது நிற்கவில்லை.

மாடியில் பூச்சு உள்ளங்கை அகலத்திற்கு அங்கங்கே கொப்புளித்திருந்தது. ஒன்றைச் சாவியால் கீறியதும் கலங்கிய நீர் வழிந்தது. உரிந்து வந்த பூச்சு பால் கவர் அளவுக்குக்கூடத் தடிமன் இல்லை. சுருக்கி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே நனைந்திருந்த அதைக் காயவிடாமல், உடைந்த தட்டோடுகளை மாற்றாமல், இணைப்புகளைச் சுரண்டிப் பாயிண்டிங் செய்யாமல் (அதாவது கலவையால் அடைக்காமல்) மேலே மூடிவிட்டதால், உள்ளே சிக்கிய ஈரத்தில் ஒரு பகுதி ஆவியாகிப் பூச்சைத் தூக்க, மீதி கான்கிரீட் வழியே கீழே இறங்கியிருக்கிறது. முதல் கோட் பூச்சுக்கு மட்டுமே தண்ணீர் கலக்க வேண்டும் என்று வாளியிலேயே அச்சிட்டிருந்தும், கடைசிக் கோட் வரை குவளை குவளையாக ஊற்றித்தான் அடித்தார்கள். கேட்டதற்கு, "கெட்டியா இருந்தா ரோலர் ஓடாது சார்" என்றார் மேஸ்திரி. பெரும்பாலும் ஒழுகல் தொடங்கும் இடங்களான கைப்பிடிச் சுவரின் அடிமூலையையும் மழைநீர்க் குழாயின் வாயையும் அவர்கள் தொடவே இல்லை.

பலமுறை அழைத்த பின் வந்த ஒப்பந்ததாரர், உத்தரவாதம் பொருளுக்குத்தான், வேலைக்கு இல்லை என்றார். நீர் தேங்கும் இடங்களுக்கும் கட்டட விரிசலுக்கும் அது பொருந்தாது என்று அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கிறது. நீர் தேங்காதபடி வாட்டத்தைச் சரிசெய்யாமல் எதற்காகப் பூச்சு அடித்தார் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

வேலைக்கு ஆள் பேசுபவர்கள், சுரண்டல், பாயிண்டிங், கைப்பிடிச் சுவரின் அடிமூலையில் வைக்கும் வளைவு, கோட்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்பது வாளியில் இருக்கும். தளத்தின் பரப்பை அதனால் வகுத்து, திறக்காத வாளிகளை எண்ணிப் பாருங்கள். பூச்சு நன்றாகக் காய்ந்தபின் குழாய் வாயை அடைத்து, 48 மணி நேரம் நீர் தேக்கிப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் தளத்தில் மட்டும் இச்சோதனை வேண்டாம்; அங்கே கம்பியைச் சரிசெய்வதே முதல் வேலை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். குறை தெரிந்த 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும், 5 லட்ச ரூபாய் வரையிலான வேலைக்குக் கட்டணம் கிடையாது. உத்தரவாத அட்டையில் முகவரியே இல்லை; முன்பணத்திற்குக் கேட்டு வாங்கிய ரசீதில் இருந்ததால்தான் அவருக்கு நோட்டீஸ் அனுப்ப முடிந்தது.