நீர்வடிப்பகுதிக் களமா, குடிநீர்ப் பரிசோதனைக் கூடமா?

வேதியியல் படித்தவருக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூட வேலை. வேளாண்மையோ கட்டுமானப் பொறியியலோ படித்தவருக்கு நீர்வடிப்பகுதிப் பணி, அதாவது ஒரே ஓடைக்கு மழைநீர் வடிந்து சேரும் நிலப்பரப்பில் மண்ணையும் நீரையும் காக்கும் வேலை. பொதுவாக இப்படித்தான் பிரிக்கிறார்கள். படிப்பைவிடச் சுபாவம்தான் முக்கியம் என்பேன்.

கூடத்தில் வேலை நேரம் தெளிவானது. விடையும் ஓரிரு நாளில் கிடைத்துவிடும். தருமபுரிப் பக்கம் நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடுதான் பெரிய கேள்வி. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம்; வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை. அளவு மீறிய நீரையே குடித்து வளரும் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படிகிறது. கிருமிச் சோதனைக்கு வந்த புட்டி முன்பே கிருமி நீக்கியதா, குளிர்ச்சியில் வந்ததா என்று பார்க்காமல் போடும் கையெழுத்து ஓர் ஊரையே ஏமாற்றிவிடும்.

களப்பணி வேறு மாதிரி. மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி வர வேண்டும்: முதலில் மேலே சம உயர வரப்பு (சரிவில் ஒரே மட்டமுள்ள இடங்களை இணைத்துப் போடும் மண் வரப்பு), பிறகு கீழே தடுப்பணை. மூன்று கழிகளை 'ஏ' வடிவில் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டால் சம மட்டம் பிடித்துவிடலாம். வரப்பு தன் நிலத்தைத் தின்றுவிடும் என்று அஞ்சும் பெரியவரைச் சம்மதிக்க வைக்கத்தான் பல மாலைகள் ஆகும். பெரும்பாலும் திட்டம் முடியும்வரைக்கான ஒப்பந்த வேலைதான். இருந்தும் என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது. மழைக்குப் பின் கிணற்றில் ஏறிய நீரை அந்தப் பெரியவரே கயிறு விட்டு அளந்து காட்டுவார்.