செராமிக் டிஸ்க் என்று சொன்னால் காந்தத்தை வைத்துப் பாருங்கள்

வன்னிக்குள் வானோ காரோ வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். "செராமிக் பிரேக் டிஸ்க் இருக்கு, ரேஸ் காருக்குப் போடுறது, வாழ்நாளுக்கும் மாத்தத் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் காசை எடுக்காதீர்கள். நான் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ரூபா கொடுத்து ஏமாந்தேன். காசு போனதுகூடப் பரவாயில்லை. அந்த டிஸ்கை நம்பிப் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினேனே, அதை நினைத்தால் இன்னும் நித்திரை வருவதில்லை.

கிளிநொச்சியில் டொயோட்டா கே.டி.எச். வான் ஒன்று வாடகைக்கு ஓடுகிறேன். மாசி மாதம், பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறத் தொடங்கியது. ஏ9 வீதியோரத்தில் உள்ள ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். பெயரை இங்கே எழுதவில்லை, முறைப்பாடு நடக்கிறது. அங்கிருந்த தம்பி சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணை, முன் டிஸ்க் ரெண்டும் சரிவராது. இரும்பு போட்டா ஆறு மாசத்திலை திரும்ப இதே கதைதான். செராமிக் போடுவம்" என்றார். சாம்பல் நிறத்தில் பளபளவென்று இரண்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து காட்டினார். பெட்டி இல்லை. ஏன் இல்லை என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பாட் (டிஸ்கை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் கட்டை) மாற்றியது, பிரேக் ஒயில் மாற்றியது எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் காசு. பில்லில் "முன் பிரேக் வேலை" என்று மட்டும் எழுதித் தந்தார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் நிலம் தட்டை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போனாலும் சரி, மாங்குளத்திலிருந்து வவுனியாவுக்குப் போனாலும் சரி, ஒருக்கால் பிரேக்கை மிதித்தால் அடுத்த மிதிக்குள் டிஸ்க் ஆறிவிடும். மாடு குறுக்கே வந்தால் ஒரு மிதி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஒரு மிதி. கள்ளச் சாமான் இங்கே தன்னைக் காட்டாது.

வைகாசியில் ஒரு குடும்பத்தை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். சீதையம்மன் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, கம்பளைப் பக்கமாக இறங்கினோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கிருந்து கீழே வரும்வரை வளைவுக்கு மேல் வளைவு. இறம்பொடைக்குக் கிட்ட ஒரு கருகல் மணம் வந்தது. தேயிலைத் தொழிற்சாலை மணம் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் பஞ்சை மிதித்ததுபோல் அடிவரை போய்விட்டது. திரும்பத் திரும்பப் பம்ப் பண்ணினேன், ஒன்றும் ஏறவில்லை. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று கியரை இறக்கினேன். எஞ்சின் கத்தியது. ஹான்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். பின்சீற்றில் இருந்த அம்மா ஒருவர் "முருகா, முருகா" என்றபடியே இருந்தார். ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கிட்ட வீதி கொஞ்சம் அகலும் இடத்தில், மண் திட்டோடு உரசி வான் நின்றது. முன்சில்லு இரண்டிலிருந்தும் புகை.

ஒரு மணித்தியாலம் ஆறவிட்டதும் பெடல் பழையபடி வந்துவிட்டது! சரியாகிவிட்டது என்று நம்பி அப்படியே இறங்கியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆட்களை வேறு வானில் அனுப்பினேன். என் வானை லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் ஸ்போர்ட்ஸ் கார் வைத்து ரேஸ் ஓடுபாதையில் ஓட்டுகிறவன். அவனிடம் சொன்னேன். "மாமா, ஒரு காந்தத்தை வைச்சுப் பாருங்கோ. உண்மையான செராமிக்கிலை ஒட்டாது" என்றான். கார்பன் நாரும் சிலிக்கன் கார்பைடும் சேர்த்துச் செய்கிற டிஸ்காம் அது. எடை இரும்பில் ஏறக்குறையப் பாதி, ஒன்றின் விலையே பல ஆயிரம் டொலர். ஓடுபாதையில் சுற்றுக்குச் சுற்று வரும் சூட்டில் அதிலுள்ள கார்பன் எரிந்து போகிறதென்று, அவனைப் போன்ற பலர் செராமிக்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு "ஸ்டீல்" போடுகிறார்களாம். அந்த ஸ்டீலும் உண்மையில் வார்ப்பிரும்புதான். எங்கள் வானுக்குக் கம்பனி போட்டு அனுப்புவதும் அதே வார்ப்பிரும்பு. செராமிக் பாட் என்று ஒன்று இருக்கிறது, அது இரும்பு டிஸ்கோடு போடும் சாமான், அது வேறு. இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் என்னை விழுத்தினார்கள்.

பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைக் கழற்றி டிஸ்கில் வைத்தேன். டக்கென்று ஒட்டியது. நடுப்பகுதியைத் தின்னர் போட்டுத் துடைக்க, சாம்பல் பெயின்ற் கரைந்து துணியில் வந்தது. கீழே பழைய துரு. ஓரத்தில் பொறித்திருந்த எழுத்தும் தெரிந்தது: ஆகக்குறைந்த தடிப்பு 26 மில்லிமீற்றர். லேத் கடை நண்பர் வேர்னியரால் அளந்தார், 24.4. தேய்ந்த டிஸ்கை லேத்தில் சீவிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். டிஸ்க் மெலிந்தால் சூட்டைத் தாங்காது, அந்தச் சூடு பாட் வழியாக ஒயிலுக்கு ஏறும். ஒயிலும் மாற்றப்படவில்லை, சாயத் தண்ணி நிறத்தில் இருந்தது. டொட் 3 என்ற வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருந்தால் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழசானால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. பிறகு பெடலை மிதித்து என்ன பயன்?

கராச்சுக்குப் போய்க் கேட்டேன். "நீங்கள் பிரேக்கிலையே இறங்கியிருப்பியள்" என்றார் முதலாளி. இருபத்திரண்டு வருடம் ஓடுகிறவனிடம், மூன்றாம் கியரில் இறங்கியவனிடம் அப்படிச் சொன்னார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் அழைத்து முறையிட்டேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "செராமிக் என்று பில்லில் எங்கே இருக்கிறது?" என்னிடம் பதில் இல்லை. வாயால் சொன்னதை அப்படியே பில்லில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள்.

அந்த இரண்டு டிஸ்கும் வீட்டு விறாந்தையில் இருக்கின்றன, யாரும் வந்து பார்க்கலாம். இந்த வருடத்தில் "செராமிக்" என்று சொல்லிச் சாம்பல் நிற டிஸ்க் போட்டுத் தந்திருந்தால், மலைப்பக்கம் ஓட்டம் எடுப்பதற்கு முன் சில்லைக் கழற்றி அளந்து பாருங்கள். பில்லும் கையில் இருந்தால் எனக்கு எழுதுங்கள், முறைப்பாட்டைச் சேர்ந்தே கொண்டுபோவோம்.