மிருதங்கம் வாங்க மாசியில் வாருங்கள்

மார்கழி கச்சேரி கேட்பதற்கு. மிருதங்கம் வாங்குவதற்கு மாசிதான் சரி. மெல்போர்னில் எங்களுக்குப் பள்ளி விடுமுறை டிசம்பரில் வருவதால், வாத்தியம் வாங்க நினைக்கும் நம்மவர்கள் எல்லோரும் தப்பான மாதத்தில்தான் சென்னையில் இறங்குகிறார்கள். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் தோல் லேசில் காயாது. மழை விட்டாலும் கச்சேரி சீசன் விடாது. பெரிய வித்வான்கள் முதல் பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரியில் வாசிக்கும் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அப்போதுதான் மூட்டு (வாசிக்கும் தோல் முகம்) மாற்ற வேண்டும், வார் (அதை இழுத்துக் கட்டும் தோல் பட்டை) பிடிக்க வேண்டும். 'பத்து நாளில் ஃபிளைட்' என்று போய் நிற்பவரை யார் கவனிப்பார்கள்? என் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், அதனால் பிப்ரவரியில் வர முடிந்தது.

நான் வித்வான் எல்லாம் கிடையாது. வாரம் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு, சனிக்கிழமை பஜனைக்கும் எப்போதாவது ஒரு நடன வகுப்புக்கும் வாசிக்கிறவன். கையில் இருப்பது தக்கு சுருதி, அதாவது தாழ்ந்த சுருதி மிருதங்கம், ஒன்று ஒன்றரைக் கட்டை சுருதிக்குப் பாடும் ஆண்களுக்குப் போதும். ஆனால் எங்கள் பக்கம் பாடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள், ஐந்து ஐந்தரைக் கட்டை. அந்தத் தக்கு சுருதி மிருதங்கத்தையே கல்லால் தட்டித் தட்டி அங்கே ஏற்ற முடியாது, தோல் கிழியும். ஆகவே ஹெச்சு சுருதியில், அதாவது உயர்ந்த சுருதியில் இன்னொன்று. வீட்டில் இந்த நியாயத்தை ஏற்றுக்கொள்ள வைக்கத்தான் அதிக நாள் பிடித்தது.

முதலில் பணம். இந்தியாவில் இப்போது இளநீர்க்காரரும் ஸ்கேன் பண்ணச் சொல்கிறார், வெளிநாட்டு கார்டோடு போகிறவர் முழிக்க வேண்டியதுதான். 2023 முதல் ஆஸ்திரேலியா உள்ளிட்ட சில நாட்டுக் கைபேசி எண்களிலேயே வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ, என்ஆர்இ கணக்கை யுபிஐயில் இணைக்க அனுமதி உண்டு. என் வங்கிக்கும் அது தெரியும், என் கிளைக்குத்தான் தெரியவில்லை. கேஒய்சி புதுப்பிக்கணும் என்றார்கள், பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள், மறுநாள் போனால் அதைப் பார்க்கும் மேடம் லீவு. ஒருவழியாக வேலை செய்யத் தொடங்கியபோது சென்னையே சுலபமாகிவிட்டது. மெட்ரோ டிக்கெட் வாட்ஸப்பில் வருகிறது, பால் பாக்கெட்டுக்கும் சில்லறை தேட வேண்டாம். நம்மவர்களுக்கு ஒரே ஆலோசனை: இந்த வங்கி வேலையை ஊரிலிருந்தே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அண்ணா சாலையில் மியூஸி மியூசிக்கலுக்கும் ஒரு நடை போனேன். 1842-இல் தொடங்கிய கடை. லண்டன் டிரினிட்டி காலேஜ் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பியானோவும் கிட்டாரும் வீணையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பார்ப்பது கண்ணுக்கு விருந்து. வாங்க வேண்டியது எதுவும் இல்லாமலே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

மிருதங்கத்தைக் கடையில் வாங்குவதா, செய்கிறவரிடமே சொல்லிச் செய்வதா என்பது பழைய சர்ச்சை. கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் பிள்ளைக்குக் கடையே போதும், ஆணி வைத்து முடுக்குகிற மாடல்கூடச் சரிதான். பத்து வருஷம் வாசித்த காதுக்குப் போதாது. என் வாத்தியார் மூலம் மயிலாப்பூரில் ஒருவரிடம் நவம்பரிலேயே முன்பணம் அனுப்பிச் சொல்லி வைத்திருந்தேன். மரக்கட்டை வந்ததும் படம் அனுப்பினார், மூட்டு ஏற்றியதும் வாசித்து வீடியோ அனுப்பினார். போனில் வலப்பக்க முகமான வலந்தலை கேட்கும், இடப்பக்கத்துத் தொப்பி கேட்காது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அவ்வளவு கீழே ஒலி இறங்காது. வீடியோ பார்த்தே வாத்தியம் வாங்கிவிட்டேன் என்கிறவர்கள் பாதி மிருதங்கத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

மயிலாப்பூருக்குப் போய்ச் சேருவது இப்போது தனி வித்தை. மெட்ரோவின் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் பூமிக்கடியில் சந்திக்கப் போகின்றன, அதுவரை மேலே நமக்குத்தான் சோதனை. தகரத் தடுப்பு, ஒருவழிப்பாதை, நேற்று இருந்த திருப்பம் இன்று இல்லை. ஆட்டோக்காரர் லஸ் கார்னரிலேயே, "இதுக்கு மேல நடந்து போயிடு சார், சீக்கிரம் போவே" என்று இறக்கிவிட்டார். உண்மைதான், சீக்கிரம் போனேன்.

பட்டறை என்றால் ஒரு வீட்டின் முன் அறைதான். சுவரோரம் பலாக் கட்டைகள், பண்ருட்டிப் பக்கத்துச் சரக்கு. வார் சுருள்கள் ஒரு வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. என் மிருதங்கத்துக்கு வலந்தலை நடுவில் வரும் கறுப்பு வட்டமான சாதம் மட்டும் பாக்கி வைத்திருந்தார், "நீ வந்து கேட்டப்புறம் போட்டா நல்லது" என்று. கறுப்புக் கல்லைப் பொடித்துச் சலித்த தூளையும் வடித்த சோற்றையும் பிசைந்து ஓர் உருண்டை. அதிலிருந்து விரல் நுனியளவு கிள்ளி நடுவில் வைத்து, கட்டை விரலால் வட்டமாக இழுத்து, வழவழப்பான ஒரு கல்லால் தேய்க்கிறார். ஈரம் போகும் வரை தேய்ப்பு, பிறகு அடுத்த கிள்ளு. மேலே போகப் போக வட்டம் சிறுக்கிறது. நடுநடுவே ஒரு தட்டு தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்பார், மறுபடி தேய்ப்பார். மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் இதெல்லாம். மேல்புறம் மட்டும் சீக்கிரம் காய்ந்துவிட்டால் சாதம் வெடிக்குமாம்.

"அண்ணே, ஐந்தரைக் கட்டையில் நிறுத்திடுங்க" என்றேன்.

"அஞ்சுல வெச்சுக்கோ சார். வேணும்னா அரைக் கட்டை ஏத்திக்கலாம். அஞ்சரைல செஞ்சுட்டு அஞ்சுக்கு இறக்குனா நாதம் செத்துடும்."

வலந்தலைத் தோல்களுக்கு இடையே குச்சி செருகும் குச்சி மிருதங்கமா, கல்துகள் போடும் கப்பியா என்று கேட்கவே இல்லை, குச்சிதான் என்று அவரே முடிவு பண்ணிவிட்டார். வாசித்துப் பார்த்தபோது சாப்பு அடியின் ஒலி நன்றாக நீண்டது. தொப்பியின் எருமைத் தோல் இன்னும் இறுக்கம், பழகப் பழகத்தான் விடும். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்து இருந்தது மிருதங்கம் தொட்டவர்களுக்குத் தெரியும், ரசிகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மேடையில் பாட்டு, வயலின், மிருதங்கம் என்று வரிசையாகப் பெயர் சொல்கிறார்கள். செய்தவர் பெயர் மைக்கில் வந்து நான் கேட்டதில்லை. கையால் செய்த நம் வாத்தியங்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது, எனவே கம்ப்யூட்டர் பில்லும் கிடையாது. ஒரு தாளில் என்ன மரம், என்னென்ன தோல், எவ்வளவு பணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். ஆஸ்திரேலியாக்காரர்கள் அதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. மைக் வாங்கப் போகவில்லை. மிருதங்கத்துக்கு எல்லோரும் வைக்கும் ஷூர் எஸ்எம்57க்கு உலகம் முழுக்கப் போலிகள் புழங்குகின்றன, அதை மெல்போர்னிலேயே வாரன்டியோடு வாங்குவது மேல். கேபிள் வேறு விஷயம். எவ்வளவு நீளம் என்று கேட்டுச் சுருளிலிருந்து அளந்து வெட்டி, இரு முனையிலும் எக்ஸ்எல்ஆர் பின்னை என் கண்முன்னாலேயே பற்றவைத்தார் ஒரு பையன். முதல் பின் ஷீல்டு, மற்ற இரண்டும் சிக்னல். மீட்டரை வைத்து ஒவ்வொன்றாக பீப் பண்ணிக் காட்டிவிட்டுத்தான் மூடியைத் திருகினான். மெல்போர்னில் இப்படி ஒரு சேவைக்கு எங்கே போவது? கேபிளுக்குக் கொடுத்ததை விட அன்று ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம்.

கிளம்பும் நாளுக்கு முன்பு மயிலாப்பூர் பட்டறை அண்ணன் சுருதியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தார். பழைய போர்வை சுற்றி, நல்ல பஞ்சு வைத்த பைக்குள் போட்டாகிவிட்டது. விமான நிலையக் கவுன்டரில் 'ஃப்ராஜைல்' ஸ்டிக்கர் கேட்டால் உடனே ஒட்டுகிறார்கள், கூடவே உடைந்தால் பொறுப்பில்லை என்று நம்மிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள். ஸ்டிக்கருக்கு அதுதான் விலை போலிருக்கிறது. எனக்குத் தங்க இடம் கொடுத்த சித்தியின் ஊறுகாய் பாட்டில்கள் எடை வரம்பு போதாமல் பெட்டியிலிருந்து வெளியே வந்தன, அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

மெல்போர்னில் இறங்கும்போது வருகை அட்டையில் மரப்பொருள், விலங்குப் பொருள் இரண்டுக்கும் 'ஆம்' போடுங்கள். மறைத்தால் அபராதம், சொன்னால் ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். எனக்கு வந்த அதிகாரி கட்டை முழுக்க டார்ச் அடித்துப் பூச்சி துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார், தோலில் ரோமம் ஒட்டியிருக்கிறதா என்று தடவினார், வாருக்கடியில் விரலை விட்டுப் பார்த்தார். வாசிக்கும் முன் தொப்பியின் நடுவில் பிசைந்து ஒட்டுவோமே, அந்த ரவை காய்ந்து துளியும் இருக்கக் கூடாது, அதை முந்தின நாளே ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிட்டிருந்தேன். கையெழுத்துத் தாளை மொழிபெயர்த்துச் சொன்னதும் போகச் சொல்லிவிட்டார். தொப்பிக்கு வேண்டிய ரவையை மெல்போர்னின் டாண்டினாங் பகுதிக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், வறுக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.