இரண்டு குரலும் தனித்தனியாகக் கேட்கிற 850 ரூபாய் இயர்போன்

சேலம் புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு சின்ன செல்போன் கடையில் இந்த வயர் இயர்போனை வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. விலை 850 ரூபாய். எனக்கு வேலை சேலத்தில், வீடு ஏற்காட்டில், அதனால் சனிக்கிழமை சாயங்காலம் மலை ஏறி திங்கள் காலை இறங்குகிற வரைக்கும் இதுதான் துணை. கேட்பது பெரும்பாலும் கொரியன் பாட்டு, அதிலும் வேறு வேறு குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் சேர்ந்து பாடியது என்றால் எனக்கு உயிர்.

இயர்போனைச் சோதிக்கவும் அந்தப் பாட்டுகள்தான் சரி என்று நினைக்கிறேன். ஒரே ஆள் பாடும்போது சுமாரான இயர்போன்கூட ஒப்பேற்றிவிடும், இரண்டு குரல் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கடையில் இருந்த தம்பி "போட்டுப் பாத்துட்டு எடுங்கக்கா" என்று மூன்று பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். மூன்றிலும் 'டிரீம்' பாட்டையே போட்டேன். அப்போது மிஸ் ஏ குழுவில் இருந்த சூஸியும் எக்ஸோ குழுவின் பேக்ஹியூனும் 2016 ஜனவரியில் பாடியது, ஜாஸ் சாயலில் மெதுவாகப் போகும். சூஸி மூச்சோடு மூச்சாகப் பாடுவார், பேக்ஹியூன் அதன்மேல் ஏறி நிற்பார். முதல் இரண்டு இயர்போனிலும் அவர் வந்ததும் சூஸி காணாமல் போய்விட்டார். மூன்றாவதில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள், உடனே பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது 'சம்'. சிஸ்டார் குழுவின் சோயூவும் பாடகர் ஜுங்கிகோவும் பாடியது, 2014இல் கொரியாவின் கேயான் என்ற பாட்டுத் தரவரிசையின் டிஜிட்டல் வருடப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. காதல் என்று இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை, வெறும் நட்பும் இல்லை, அந்த இடைப்பட்ட நிலைக்கு அங்கே வைத்திருக்கும் பேர்தான் 'சம்'. இரண்டு பேரும் குரலை உயர்த்தவே மாட்டார்கள், பேசுகிற மாதிரி பாடுவார்கள், அந்தக் கூச்சம் இதில் அப்படியே காதுக்கு வருகிறது. பாடகி ஐயுவின் 'பேலட்' (2017) கேட்கும்போதும் இதே சுகம்தான். கொரியக் கணக்கில் (பிறந்ததுமே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வயது கூடும்) 25 வயதில் தன்னை இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது என்று அவர் பாடிக்கொண்டே வர, அதே கணக்கில் முப்பதைத் தொட்ட பிக்பேங் குழுவின் ஜி-டிராகன் நடுவில் வந்து ஓர் அண்ணன் தங்கச்சியிடம் பேசுகிற மாதிரி ராப் பாடுவார். பாட்டில் எனக்குப் பிடித்த இடமே அதுதான், ஒரு வார்த்தைகூட மழுங்காமல் கேட்கிறது.

கூர்மையான சத்தத்துக்கு 2011இல் ஹியூனாவும் ஜாங் ஹியூன்-சுங்கும் பாடிய 'டிரபிள் மேக்கர்' போட்டேன். ஆரம்பத்தில் வரும் விசில் மட்டமான இயர்போனில் காதைக் குத்தும், இதில் குத்தவில்லை.

பேஸ், அதாவது அடிச்சத்தம்தான் குறை. பாடகர் சை, பிடிஎஸ் குழுவின் சுகா இரண்டு பேரும் சேர்ந்த 'தட் தட்' அறைக்குள் கேட்டால் பரவாயில்லை, பஸ் அடிவாரம் தாண்டி இரண்டாம் கியரில் உறுமத் தொடங்கியதும் அடிச்சத்தம் முழுவதையும் இன்ஜின் விழுங்கிவிடுகிறது. பெட்டியில் வரும் மூன்று அளவு ரப்பரில் காதுக்கு இறுக்கமாகப் பொருந்துவதைப் போட்டால் கொஞ்சம் தேறும். ஆனால் இறுக்கமாகப் போட்டால் மலை ஏறும்போது காது சீக்கிரம் அடைக்கும், 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் நான் நாலைந்து முறை கழற்றி எச்சில் விழுங்கிவிட்டுத்தான் மாட்டுகிறேன். வயர் துப்பட்டாவில் உரசினால் கரகரவென்று காதுக்குள் வரும், அதற்குத் துணியில் மாட்டுகிற கிளிப்பும் கொடுக்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போன் பேசினால் எதிர்முனையில் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது என்கிறார் அம்மா.

அப்புறம், மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், பாட்டைக் கீழேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

போன வாரம் தங்கச்சியும் கூட வந்தாள். ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு ஐயுவும் சுகாவும் சேர்ந்த 'எய்ட்' கேட்டோம். 2020 மே மாதம் வந்தது, இரண்டு பேரும் 1993இல் பிறந்தவர்கள், கொரியக் கணக்கில் அப்போது 28 வயது, அந்த எட்டுதான் பாட்டுக்குப் பேர். கிட்டார் துள்ளலாகப் போகும், ஆனால் பாட்டு முழுக்கப் பிரிந்துபோனவர்களை நினைத்துத்தான். பாடுகிறவர் குரலைப் பெரும்பாலும் நடுவில் வைத்துத்தான் பதிவு செய்வார்கள், அதனால் ஒரே காதில் கேட்டாலும் இரண்டு பேரும் கிடைத்தார்கள், சுற்றி வரும் சின்னச் சின்ன சத்தங்கள்தான் குறைந்தன. மேலே பனி மூடிக் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, சுகா முடித்து ஐயு திரும்ப எடுக்கிற இடத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதிர வேண்டும் என்பவர்கள் வேறு பார்க்கலாம். குரலுக்காகப் பாட்டுக் கேட்பவர்கள் 850 கொடுத்துத் தைரியமாக வாங்கலாம். தங்கச்சிக்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், கறுப்பு தீர்ந்துவிட்டதாம், வெள்ளைதான் இருக்கிறது.